எங்கே நிறுவ வேண்டும்?

“ஆசிட் வாங்கின ஞாபகம் இருக்குக்கா. ஆனா நான் வாங்கலை.”

பிரிசில்லா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். மணி மூன்று நாற்பது. கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரே, கடலைமிட்டாய்க் கடையின் மாடியில் இருந்தது அந்த நினைவு மையம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவளைத் தவிர ஊழியர் யாரும் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொர்ணலதாவுக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். தோள்பையை இறுக்கி மடியில் வைத்திருந்தாள். அதைக் கீழே வைக்கச் சொன்னால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

“எந்தக் கடையில?”

“சிவகாசியில. பாத்ரூம் கழுவுற சாமான் விக்கிற கடை. கண்ணாடி பாட்டிலை மஞ்சப்பையில போட்டுக் குடுக்காரு. நான் கை நீட்டி வாங்குறேன். அந்தக் கையில செப்புக் காப்பு கிடக்கு.” வளையல்கூட இல்லாத தன் கையைத் தூக்கிக் காட்டினாள். “அது எங்க வீட்டுக்காரரு கைக்கா.”

மறதிக் காய்ச்சல் வந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. பிழைத்தவர்களுக்குக் காய்ச்சலுக்கு முந்தியது எல்லாம் பத்திரமாக இருந்தது. புதிதாக எதுவும் மண்டையில் தங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்தது போய்விடும். எனவே காதுக்குப் பின்னால் ஒரு சிப் வைத்தார்கள். புதிய நினைவுகளை அது மையத்தின் சர்வரில் எழுதும், தேவைப்படும்போது அங்கிருந்து படித்துக்கொள்ளும். சிப்பை விற்ற வெளிநாட்டுக் கம்பெனி இந்த வருடம் கடையைச் சாத்தியது. போகிற போக்கில் மூல நிரலை மட்டும் உலகத்துக்குத் திறந்துவிட்டுப் போனது. அதை இறக்கி, இங்கேயே ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி, ஒவ்வொருவர் சிப்பிலும் நிறுவுவது பிரிசில்லாவின் வேலை. சொர்ணத்துக்கு அவள் நிறுவிப் பதினோரு நாள் ஆகிறது.

“வேற என்னென்ன ஞாபகம் வருது?”

“பத்து நாளா வந்துட்டுதான் இருக்கு. கனவுன்னு நெனச்சேன். நான் ஓட்டாத பைக்கை ஓட்டுறேன். நான் குடிக்காத பீடியைக் குடிக்கேன். இப்ப இங்க படியேறும்போது ஒண்ணு வந்துச்சு. சாத்தூர் பங்க்ல பெட்ரோல் போடுதேன். டேங்க் மேல மஞ்சப்பை.”

சாத்தூர். இங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர்.

“உன் வீட்டுக்காரருக்கும் சிப் இருக்கா?”

“செண்பகராஜ். அவருக்கும் நீங்கதான் போட்டீங்க. எனக்கு முந்தின நாளு.”

பிரிசில்லாவின் விரல்கள் தாமாகவே பழைய பதிவேட்டைத் திறந்தன. நிரலைக் கட்டுவதற்கு முன் அது ஒரு கேள்வி கேட்கும்: எங்கே நிறுவ வேண்டும்? சர்வரில் ஒரு டைரக்டரியின், அதாவது கோப்புறையின், பெயரைத் தட்ட வேண்டும். கம்பெனி கொடுத்திருந்த இருபத்தேழு எழுத்து நோயாளி எண் ஒருவருக்கும் நினைவில்லை. நினைவே இல்லாதவர்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் ரேஷன் கார்டு எல்லோருடைய பர்சிலும் இருந்தது. அந்த எண்ணையே தட்டினாள். கீழே வாசலில் வரிசை நின்ற வாரம் அது. நினைவுகளைத் தனியாக எங்கே வைக்க வேண்டும் என்று இரண்டாவதாக ஒரு கேள்வியும் வந்தது. அதைப் படிக்காமலேயே என்டர் தட்டித் தாண்டினாள், வந்த அத்தனை பேருக்கும். நினைவுகளும் அதே டைரக்டரிக்குள் போய் விழுந்தன.

திரையில் செண்பகராஜ். அடுத்த வரியில் சொர்ணலதா. இரண்டு பேருக்கும் ஒரே எண்.

“நீ அந்த வீட்டை விட்டு வந்து எத்தனை நாளாச்சு?”

“மூணு மாசம். இங்க ஹாஸ்டல்ல இருக்கேன், தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை.”

“கார்டுல பேரை எடுக்கலையா?”

“எடுக்கப் போனேன்க்கா. குடும்பத் தலைவர் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதை வாங்கிட்டு வான்னாங்க.” சொர்ணம் சிரிக்கப் பார்த்தாள். “அவர்கிட்ட போயி நான் எப்படிக் கேக்க?”

பிரிசில்லா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள்.

“சொர்ணம், பதறாம கேளு. ஒரே கார்டுங்கிறதால உங்க ரெண்டு பேரையும் நான் ஒரே டைரக்டரியில போட்டுட்டேன். உன் சிப்பும் அவர் சிப்பும் ஒரே இடத்துல எழுதுது, ஒரே இடத்துல படிக்குது. தப்பு என் மேலதான். ஒரே வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே டி.வி., ஒரே சாம்பார்.”

சொர்ணத்துக்குப் புரிய மூன்று நொடி ஆனது. மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“அப்படின்னா அவரு ஞாபகம் எனக்கு வர்ற மாதிரி…”

“உன் ஞாபகம் அவருக்கும் வரும்.”

“ஹாஸ்டல் வாசல்? நான் போற பஸ்ஸு?”

“காலையில நீ கண்ணாடியில தலை வாரினதுகூட.”

சொர்ணம் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், அது இன்னும் தன்னிடம்தான் இருக்கிறதா என்பது போல.

“மாத்துங்கக்கா. இப்பவே வேற இடத்துக்கு மாத்துங்க.”

“தூக்கி மாத்த முடியாது. எங்கே நிறுவுறோமோ அந்தப் பாதை சிப்புக்குள்ளேயே பொறிஞ்சிடும். நான் டைரக்டரியோட பேரை மாத்துனேன்னு வை, சிப் பழைய பாதையைத்தான் போய்த் தட்டும். அங்கே ஒண்ணும் இருக்காது. அந்த நிமிஷமே ஆள் மூணு வருஷம் பின்னால போயிடுவார். ரோட்டுல வண்டி ஓட்டிட்டு இருந்தா செத்தே போயிடுவார். அதை நான் யாருக்கும் செய்ய மாட்டேன். உனக்குப் புதுசா, தனி டைரக்டரிக்குக் கட்டணும். நாப்பது நிமிஷம்.”

“அவரு சாத்தூர்ல இருக்காரு!”

பிரிசில்லா போனை எடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அடித்தாள். எடுத்தவர் பொறுமையாகவே கேட்டார்.

“ஆசிட் வாங்கினது யாருக்குத் தெரியும்மா?”

“இந்தப் பொண்ணுக்கு சார்.”

“இது பாத்துச்சா?”

“இல்ல சார், வாங்கின ஞாபகம் இருக்கு.”

“வாங்கின ஞாபகம் இதுக்குன்னா, வாங்கினது இதுதானம்மா?”

“சார், அது அவரோட ஞாபகம். இவ மண்டையில வந்திருக்கு.”

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். “சரி, ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் புருஷன் பொண்டாட்டியைப் பேசித் தீத்துக்கச் சொல்லுங்க.”

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

அப்போதுதான் பிரிசில்லாவுக்கு அது உறைத்தது. சிப் படிப்பது நொடிக்கு நொடி. எழுதுவது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை. மூன்று ஐம்பதுக்கு ஒரு முறை எழுதியாயிற்று. இந்த அறை, இந்த மாடி, கீழே கடலைமிட்டாய்க் கடை எல்லாமே இப்போது அவனுக்கும் நினைவிருக்கும். இனிமேல் இங்கே பேசுவது நான்கு மணிக்குப் போய்ச் சேரும். என்ன திட்டம் போட்டாலும் அதை இவளிடம் சொன்னால் அவனிடம் சொன்னது போலத்தான்.

இவளிடம் சொல்லாமல் செய்ய வேண்டும். இவள் நம்ப வேண்டும்.

பிரிசில்லா எழுந்தாள். குரலை மாற்றினாள்.

“எந்திரி.”

“அக்கா?”

“எந்திரின்னு சொன்னேன். இது உங்க குடும்ப விஷயம். அந்த ஆள் இங்க வந்து பாட்டிலைத் தூக்கி வீசினா என் மூஞ்சி போயிடும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

“நீங்கதானேக்கா தப்புப் பண்ணுனேன்னு…”

“பண்ணினேன். அதுக்காகச் சாகணுமா? கீழே நாலு பத்துக்குத் திருநெல்வேலி பஸ் நிக்கும். ஏறிப் போ. அங்கே பெரிய மையம் இருக்கு, அவங்க பாத்துக்குவாங்க. போடீ!”

அந்த ‘டீ’யை அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. சொர்ணம் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அம்மா வீட்டிலும், ஸ்டேஷனிலும், ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஒரு கதவு மறுபடி சாத்தப்படுவதைப் பார்க்கிற பார்வை. தோள்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பிரிசில்லா ஜன்னல் ஓரமாக நின்று எண்ணினாள். சொர்ணம் சாலையைக் கடந்தாள். பஸ்ஸின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். ஏறினாள். ஜன்னலோர இருக்கை. டிக்கெட்.

நான்கு எட்டு. பிரிசில்லா சிப்பை அணைக்கும் கைக்கருவியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள். பின்வாசல் வழியே பஸ்ஸில் ஏறி, சொர்ணத்துக்குப் பின் இருக்கையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தாள். கைக்கடிகாரத்தையே பார்த்தாள்.

நான்கு பத்து. எழுதட்டும். நன்றாக எழுதட்டும். திருநெல்வேலி பஸ், ஜன்னலோரம், அவமானம், எல்லாவற்றையும்.

நான்கு பதினொன்று. கருவியை சொர்ணத்தின் காதுக்குப் பின்னால் அழுத்தினாள்.

சொர்ணத்தின் தோள்கள் தளர்ந்தன. சுற்றும் முற்றும் பார்த்தாள். திரும்பியபோது அந்த முகத்தில் பயமே இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய, கல்யாணமாகி ஆறே மாதமான முகம்.

“நீங்க யாருக்கா? இது எந்த பஸ்ஸு?”

“தப்பான பஸ்ல ஏறிட்டம்மா. வா, இறங்கலாம்.”

“எங்க வீட்டுக்காரரு எங்க?”

“டீ குடிக்கப் போயிருக்காரு.”

“டீயா? டீன்னா சோத்தைக்கூட மறந்துருவாரு அவரு.” சொர்ணம் சிரித்தாள். இந்த முறை உண்மையான சிரிப்பு. அது பிரிசில்லாவை என்னவோ செய்தது. அவள் கையைப் பிடித்து இறக்கினாள். சேலைத் தலைப்பை அவள் தலைமேல் இழுத்துவிட்டு, பொரிகடலை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினாள்.

பஸ் நகர்ந்தது. அதே நேரம் சாத்தூர் பக்கமிருந்து ஒரு பைக் வந்து சடாரென்று நின்றது. டேங்க் மேல் மஞ்சப்பை. ஹெல்மெட் இல்லை. கையில் செப்புக் காப்பு. அவன் அங்கே இங்கே தேடவில்லை. எங்கேயோ வைத்த சாவி ஞாபகம் வந்தவனைப் போல நேராகத் திருநெல்வேலி பஸ்ஸைத்தான் பார்த்தான்.

“அதோ!” சொர்ணத்தின் முகம் மலர்ந்தது. “அங்க நிக்காரே! ஏங்க! ஏங்…”

பிரிசில்லா அவள் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் அந்தப் பெண்ணின் சிரிப்பு இன்னும் சூடாக இருந்தது. பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. செண்பகராஜ் ஒரு கணம் தலையைத் திருப்பினான். பிறகு பஸ்ஸின் பின்னாலேயே பைக்கை முறுக்கினான்.

“ஏன்க்கா வாயைப் பொத்துனீங்க? கூப்பிட்டா வருவாருல்ல?” உதட்டில் கண்ணீர் வந்து நின்றது. “நான் தொலைஞ்சு போயிட்டேன்னு பயந்துருவாரு.”

“வருவாரும்மா,” என்றாள் பிரிசில்லா. அவளை மையத்துக்கு நடத்திக்கொண்டு போனாள்.

மாடியில் அவளை நாற்காலியில் படுக்க வைத்துக் கட்டுமானத்தைத் தொடங்கினாள். திரை கேட்டது: எங்கே நிறுவ வேண்டும்? பிரிசில்லா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். சொர்ணலதா. இரண்டாவது கேள்வியையும் இந்த முறை படித்தாள். நினைவுகளுக்கு இடம்: சொர்ணலதா.

எழுத்துகள் திரையில் மழைபோல் இறங்கிக்கொண்டிருந்தன. சொர்ணம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “நீங்க யாருக்கா?” என்று கேட்டாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிரிசில்லா தன் பெயரைச் சொன்னாள். மூன்றாவது தடவை ஒரு பேனாவைக் கொடுத்து, “உன் கையெழுத்துல உன் உள்ளங்கையில எழுது. இந்த அக்கா என்னை விடலைன்னு எழுது,” என்றாள். சொர்ணம் எதற்கென்று தெரியாமலே எழுதினாள்.

நான்கு ஐம்பத்தெட்டு. பழைய டைரக்டரியிலிருந்து அவள் நினைவுகளைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பிரிசில்லா கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கம்பெனி காலத்திலிருந்து கொண்டுவந்த மூன்று வருட நினைவுகளும், இந்தப் பதினோரு நாள் நினைவுகளும். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது, நேரம் இருந்தது, கார்டு எண் இருந்தது. ஆள் பெயர் இல்லை. எது அவள், எது அவன்? பிரிக்க வழியில்லை. எல்லாவற்றையும் எடுக்கலாம், அல்லது எதையும் எடுக்காமல் விடலாம். விட்டால் இந்தப் பெண் அவனிடமே ஓடுவாள்.

எல்லாவற்றையும் எடுத்தாள், நான்கு ஐம்பது வரை அவன் சிப் எழுதியதையும் சேர்த்து.

ஐந்து ஐந்துக்கு சிப் உயிர்பெற்றது. சொர்ணம் கண்ணைத் திறந்தாள். பிரிசில்லாவைப் பார்த்தாள். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“விரட்டிட்டீங்களே? மறுபடி எதுக்குப் பிடிச்சுட்டு வந்தீங்க?”

“கையைப் பாரு.”

சொர்ணம் உள்ளங்கையைப் படித்தாள். தன் கையெழுத்துத்தான். இரண்டு தடவை படித்தாள். அழ ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். கண் எங்கேயோ நிலைத்தது.

“அக்கா. கயத்தாறுல பஸ்ஸை மறிச்சுட்டாரு.”

“என்ன?”

“ஏறிப் பாக்காரு. சீட்டு காலி. கண்டக்டர் சொல்றாரு… கோவில்பட்டியிலேயே ஒரு அம்மா கையைப் பிடிச்சு இறக்கிட்டாங்க, கழுத்துல ஏதோ ஆபீஸ் கார்டு தொங்குச்சுன்னு.”

பிரிசில்லா கழுத்தைக் குனிந்து பார்த்தாள். நீல நாடாவில் அடையாள அட்டை. மையத்தின் பெயர் பெரிய எழுத்தில்.

“அது எத்தனை மணிக்கு?”

“நாலு நாப்பத்தெட்டு. திரும்பிட்டாருக்கா.”

இப்போது ஐந்து எட்டு. கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு இருந்தது. ஆனால் கண்ணாடி கண்ணாடிதான். பின்வாசல் இல்லை. ஸ்டேஷன் எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சொர்ணத்தைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளினாள்.

கீழே பைக் சத்தம்.

பிரிசில்லா கீபோர்டின் முன் உட்கார்ந்தாள். பழைய டைரக்டரி. ரேஷன் கார்டு எண். பெயர் மாற்றும் கட்டளையைத் தட்டினாள். என்டர் மேல் விரலை வைத்தாள்.  யாருக்கும் செய்ய மாட்டேன் என்று சொல்லி ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகிறது.

பைக் ஓடும்போது தட்டினால் கொலை. இறங்கட்டும்.

இன்ஜின் நின்றது. ஸ்டாண்ட் போடும் ஓசை. படியில் செருப்பு. ஒன்று, இரண்டு… அவசரமில்லாத நடை. ஏழாவது படி. திருப்பம். கண்ணாடிக்கு அப்பால் மஞ்சள் நிறம் தெரிந்தது. பையிலிருந்து கை பாட்டிலை வெளியே எடுத்தது.

தட்டினாள்.

நடை நின்றது.

 பிறகு ஒரு விரல் கண்ணாடியைத் தட்டியது, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க வந்தவரைப் போல மெதுவாக.

“மேடம்? யாராவது இருக்கீங்களா?”

பிரிசில்லா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“இது எந்த ஊரு மேடம்? எப்படி வந்தேன்னே தெரியல.” செண்பகராஜின் கண்கள் குழந்தையுடையதைப் போல விரிந்திருந்தன. “எங்க வீட்டுக்காரி கூட வந்தாளான்னு தெரியல. சொர்ணம்னு பேரு. தனியா இருந்தா பயப்படுவா மேடம், கொஞ்சம் தேடிப் பாக்கணும்.”

திரைச்சீலை ஒரு தடவை அசைந்தது.

“கையில என்ன வச்சிருக்கீங்க?”

அவன் குனிந்து பார்த்தான். “தெரியல மேடம். நீங்க வேணா வாங்கிக்கோங்க. வாடை ஒரு மாதிரி இருக்கு.”

இரண்டு கைகளாலும் வாங்கி, மேசையின் நடுவில் வைத்தாள். அவனை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கேட்டான், கொடுத்தாள். “ரொம்ப நன்றி மேடம்,” என்றான். திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ முஷ்டியைக் கடித்துக்கொண்டு அழும் ஓசை கேட்டது. அவனுடைய இந்தக் குரலை அவள் கேட்டு மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும்.

ஐந்து முப்பதுக்குப் படியில் பூட்ஸ் சத்தம். இவ்வளவு நேரம் கழித்து ஒரு ஏட்டு, நோட்டும் பேனாவுமாக.

“போன் போட்டது நீங்களா? எங்க அந்த ஆசிட்?”

பிரிசில்லா மேசையைக் காட்டினாள். ஏட்டு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு செண்பகராஜிடம் நீட்டினார்.

“இது நீ வாங்கினதா?”

“சத்தியமா இல்லைங்கய்யா. கையில இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

அவன் பொய் சொல்லவில்லை. ஊர் நடுவில் நிறுத்தி எந்தச் சோதனை வைத்தாலும் தேறுவான். ஏட்டு அவன் முகத்தை ஆராய்ந்தார், திருப்தியடைந்தார். பிரிசில்லா பக்கம் திரும்பினார்.

“வேற யாரும்மா வாங்கினது? கடை, நேரம், யாருக்காவது ஞாபகம் இருக்கா?”

பிரிசில்லா வாயைத் திறந்தாள். திரைக்குப் பின்னால் இருப்பவள் பேசாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“எனக்கு இருக்கு,” என்றது சொர்ணத்தின் குரல்.

ஏட்டு பேனாவைத் திறந்து, ஆசிட் வாங்கியவர் என்ற இடத்தில் எழுத ஆரம்பித்தார்.